‘மூலம்தானே…’ என்று விட்டுவிடாதீர்கள்!

“அண்ணாச்சி, மூலத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க.”

சங்கரன்கோவிலில் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது. கேட்பவர் தறிப்பட்டறையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவராக இருக்கலாம். காலையில் கழிப்பறையில் இரண்டு சொட்டு ரத்தம் பார்த்திருப்பார். ‘சூடு ஜாஸ்தி, மூலம்’ என்று அவரே முடிவும் கட்டியிருப்பார். கடைக்காரரும் ஒரு களிம்பும் மலமிளக்கியும் எடுத்துக் கொடுப்பார். அதற்கும் அடங்கவில்லை என்றால், ‘மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் எழுதியிருக்கும் விளம்பரம் நினைவுக்கு வரும். இப்படியே மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஓடிவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், சிலருக்கு அது பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோயின் முதல் குரல். எது எது என்று ரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அனுபவமுள்ள டாக்டர்கூட பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்வார். அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் கழியும் மாதங்கள்தான் இந்த நோயில் உயிரோடு விளையாடுபவை.

ஒரு தங்கையின் மரணம்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தெரியாத தமிழர் குறைவு. அது உருவான கதையின் தொடக்கத்தில் இருப்பதும் இதே நோய்தான்.

1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவராகவும் உயர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவராக நமக்குத் தெரியும். அவருடைய தங்கை 1923-ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோனார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியாத மரணம் அது. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்தத் துயரத்திலிருந்துதான் முத்துலட்சுமி ரெட்டியின் மனதில் வேர்விட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் அலைந்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறில் அந்த மருத்துவமனையைத் தொடங்கினார்.

அன்றைக்குக் குடலுக்குள் விளக்கு அனுப்பிப் பார்க்கும் கொலனோஸ்கோபி கிடையாது. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் இன்றைய எளிய பரிசோதனையும் கிடையாது. இன்று இரண்டும் இருக்கின்றன. ஆனாலும், நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் நம் நாட்டில் ஏராளம். கூச்சமும், ‘மூலம்தானே’ என்ற அலட்சியமும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிட்டது சிறுகுடலில் செரித்து, மிச்சம் பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் கடைசிப் பகுதியான சுமார் 15 செ.மீ. நீளம்தான் மலக்குடல்.

இந்தக் குடலின் உள்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள் தோன்றும். ‘பாலிப்’ என்பார்கள். மரு மாதிரி இருக்கும். சிலது காளான் போலக் காம்போடு நிற்கும். வயது ஏற ஏற இவை வருவது சகஜம். பெரும்பாலானவை கடைசிவரை ஒரு தொந்தரவும் செய்யாது. ஒரு சிலது மட்டும் மெல்ல மெல்ல உருமாறிப் புற்றாகிவிடும். பாலிப் ஒன்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள்வரை ஆகிறது.

இந்தப் பத்து ஆண்டுகள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். பல புற்றுநோய்களில், வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் முடியும். பெருங்குடலைப் பொறுத்தவரை, புற்றாகும் முன்பே பாலிப்பைக் கண்டுபிடித்து, அந்தப் பரிசோதனையின்போதே நறுக்கி எடுத்துவிடலாம். வரும் முன் தடுக்க இப்படி நேரடி வழி இருக்கும் புற்றுநோய்கள் மிகச் சில.

நமக்கெல்லாம் இது வருமா?

‘இது வெள்ளைக்காரன் வியாதி’ என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோயின் விகிதம் பல மடங்கு குறைவு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு 19 லட்சம் பேருக்கு இது புதிதாக வருகிறது. ஏறக்குறைய 9 லட்சம் பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 70,000 பேர்.

ஆனால், நம் நோயாளிகளிடம் கவலை தரும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வயது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்த சுமார் 800 நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், அவர்களின் சராசரி வயது 47. அமெரிக்காவில் இது அறுபதுகளில் வரும் நோய். இரண்டாவது, இடம். நம் ஊர் நோயாளிகளில் மலக்குடலில் வரும் புற்றின் பங்கு அதிகம். மலக்குடலில் வருவதால்தான் அது மூலம்போலவே வேஷம் போடுகிறது.

இளம் வயதில் வராது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ‘பிளாக் பேந்தர்’ படத்தில் நாயகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் பெருங்குடல் புற்றுநோயால் 2020-ல் இறந்தபோது அவருக்கு வயது 43.

மூலமா, புற்றா?

மூலம் என்பது ஆசனவாயைச் சுற்றியுள்ள ரத்தநாளங்கள் வீங்குவது. முக்கும்போது பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டும். வெடிப்பாக இருந்தால் கத்தியால் கீறியதுபோல வலிக்கும். பௌத்திரம் என்றால் சீழ் கசியும்.

மலக்குடலில் புற்று இருந்தாலும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வரலாம். தொடக்கத்தில் வலியே இருக்காது. ‘வலிக்கவில்லை, அதனால் ஆபத்தில்லை’ என்று நினைப்பது பெரிய தவறு.

இன்னொரு சிக்கல், மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு ஒன்றாகவே இருக்கலாம். மூலம் புற்றாக மாறாது. ஆனால், பத்து வருடமாக மூலம் இருப்பவருக்குத் தனியாகப் புற்று வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ‘எனக்குத்தான் பழைய மூலம் இருக்கே’ என்று சொல்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

டாக்டரிடம் போனால் முதலில் கையுறை மாட்டிக்கொண்டு விரலால் ஆசனவாய்ப் பகுதியைத் தொட்டுப் பரிசோதிப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி பல நேரம் இந்த விரலுக்கே தட்டுப்பட்டுவிடும். எந்த மெஷினும் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். ‘அங்கெல்லாம் காட்ட மாட்டேன்’ என்று மறுப்பவர்கள்தான் இந்த எளிய வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். பரிசோதிக்காமலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தால், “ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்” என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

இந்த அறிகுறிகள் இருந்தால்…

* மலத்தோடு ரத்தம் வருவது. அல்லது மலம் தார்போலக் கறுத்துப்போவது.
* பழக்கம் மாறுவது. தினமும் ஒழுங்காகப் போனவருக்குத் திடீரென மலச்சிக்கல், அல்லது அடிக்கடி பேதி, அல்லது இரண்டும் மாறி மாறி வந்து, மூன்று வாரத்துக்கு மேலும் சரியாகாமல் இருப்பது.
* மலம் கழித்த பிறகும் ‘இன்னும் இருக்கு’ என்ற உணர்வு.
* மலம் வழக்கத்தைவிடச் சன்னமாகப் போவது.
* காரணமில்லாமல் எடை குறைவது, களைப்பு, பசியின்மை.
* விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, வயிற்று உப்புசம், வயிற்றில் கட்டி தட்டுப்படுவது.
* காரணம் தெரியாத ரத்தசோகை.

கடைசியில் உள்ளதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்று இருந்தால் ரத்தம் கண்ணுக்கே தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும். கடைசியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றுதான் ஆள் வருவார். ஹீமோகுளோபின் பார்த்தால் 7 அல்லது 8 இருக்கும்.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ரத்தசோகை வரப் பல காரணங்கள் உண்டு. ஆனால், ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், ‘ரத்தம் எங்கே போகிறது?’ என்ற கேள்விக்கு விடை கண்டே ஆக வேண்டும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான். சத்து மாத்திரையும் தேவைதான். அவற்றால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று நிம்மதியாகிவிட்டால், ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாகிவிடும்.

யாருக்கு அதிக கவனம் தேவை?

வயது 45-ஐத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், மது அருந்துபவர்கள், தொப்பையும் உடல் பருமனும் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் ஆபத்து சற்று அதிகம். பல ஆண்டுகளாகக் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்துகொண்டே வர வேண்டும்.

இவர்களைவிட முக்கியமானவர்கள், குடும்பத்தில் இந்த நோய் வந்தவர்கள். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் என நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவர்கள் 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அல்லது, உறவினருக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும். இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவே கணக்கு. அப்பாவுக்கு 44 வயதில் வந்திருந்தால், மகனும் மகளும் 34 வயதிலேயே போக வேண்டும்.

சில குடும்பங்களில் மரபணுக் கோளாறே தலைமுறை தலைமுறையாக வரும். ‘லிஞ்ச் சிண்ட்ரோம்’ என்பது அதில் ஒன்று. இந்தக் குடும்பங்களில் சிலருக்குக் குடலில் வரும். பெண்களுக்குக் கருப்பையிலும் வரும். அதுவும் இளம் வயதிலேயே. இன்னொரு வகையில், விடலைப் பருவத்திலேயே குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும். சிகிச்சை செய்யாமல் விட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே புற்றாகிவிடும். இவர்களுக்கான பரிசோதனை வயதும் இடைவெளியும் வேறு. குடல்நோய் நிபுணர்தான் வகுத்துச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் என்னவென்றால், யார் எதனால் இறந்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ‘தாத்தா வயித்து வலியில போயிட்டாரு’, ‘சித்திக்கு ஏதோ கட்டியாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புற்றுநோய் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று மறைப்பதும் உண்டு. இந்த மறைப்பு அடுத்த தலைமுறையின் உயிருக்கு உலை வைக்கும். ஆடித்தபசுக்கு வெளியூர் உறவெல்லாம் சங்கரன்கோவிலில் கூடும்போது பெரியவர்களை உட்கார வைத்து, எந்த உறவினருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த ஒரு பக்கம் பெரிய உதவி செய்யும்.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு என்ன பரிசோதனை?

தமிழகத்தில் அரசு நடத்தும் புற்றுநோய் கண்டறியும் முகாம்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். எல்லோருக்குமான பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை உள்ள அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைக் குப்பி தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். நம் ஊரில் நாமேதான் நினைவு வைத்துக்கொண்டு போக வேண்டும்.

முக்கியமான பரிசோதனைகள் இரண்டு.

முதலாவது, ‘ஃபிட்’ எனப்படும் மலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் ரத்தம் கலந்திருந்தாலும் இது காட்டிவிடும். லேபில் கொடுக்கும் குச்சியால் மலத்தைச் சில இடங்களில் தொட்டு, குப்பிக்குள் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தியம் எதுவும் இல்லை. மாதவிடாய் நாட்களில் மட்டும் தவிர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால், அடுத்து கொலனோஸ்கோபி கட்டாயம். ‘மறுபடியும் ஒரு தடவை மலத்தை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, கொலனோஸ்கோபி. நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால், சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தேவையில்லை. பாலிப் இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் சொல்வார்கள்.

எந்த வயதில் தொடங்குவது? முன்பு 50 என்றிருந்தது. இளம் வயதினரிடம் நோய் கூடுவதைப் பார்த்து அமெரிக்கப் பரிசோதனை வழிகாட்டிக் குழு 2021-ல் அதை 45 ஆகக் குறைத்தது. நம் ஊரிலும் 45 வயதைத் தாண்டியவர்கள் ‘எனக்கு இந்தப் பரிசோதனை தேவையா?’ என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இவை எல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. ரத்தம் கண்ணில் பட்டுவிட்டால் 45 என்ற கணக்கெல்லாம் கிடையாது. 30 வயதானாலும் நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய ஆட்களுக்கும் நடக்கிறது. கொரோனா காலத்தில் வழக்கமான பரிசோதனைகளுக்குப் போக முடியாமல் இருந்த கால்பந்து மன்னர் பீலே, 2021-ல் போனபோது பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. 2022 டிசம்பர் 29 அன்று, 82 வயதில் அவர் காலமானார்.

கொலனோஸ்கோபி என்றால் பயமா?

வலிக்குமோ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பொதுவாக அரைத்தூக்கத்துக்கு ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பலருக்கு எழுந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. குடலில் ஓட்டை விழுவது போன்ற ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

உண்மையில் சிரமமானது முதல் நாள் தயாரிப்புதான். குடல் சுத்தமாக இருந்தால்தான் சின்ன பாலிப்பும் கண்ணில் படும். அதனால், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுத் தானியங்களை நிறுத்தச் சொல்வார்கள். முதல் நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர், தெளிந்த சூப் போன்றவை மட்டும். சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், ரத்தம்போலத் தெரியும். பிறகு, பேதி மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கழிப்பறைப் பக்கமே இருக்க வேண்டியிருக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் போடுபவர்கள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ஊசி போடுவதால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து எங்கே போவது?

முதல் படி உள்ளூர் அரசு மருத்துவமனை. அங்கே விரல் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள். சுமார் 55 கிலோமீட்டரில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம். ஒருநாள் கூலி போகும் என்பது உண்மைதான். அந்த ஒருநாளைத் தள்ளிப்போட்டால், பின்னால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் ஆகலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் வருகிறது. இன்னும் அட்டை வாங்காதவர்கள், நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வேண்டுவது இந்த ஊர் மக்களின் வழக்கம். வேண்டுதல் ஒருபக்கம் நடக்கட்டும். பரிசோதனையும் அதே வாரத்தில் நடக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

தட்டில் என்ன இருக்கிறது?

கரிசல் மண்ணில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த காலத்தில் நார்ச்சத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. இன்று காலையில் இட்லி, மதியம் பட்டை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, இரவில் பரோட்டா என்று ஆகிவிட்டது. பரோட்டா சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், நார்ச்சத்து இருக்க வேண்டிய இடத்தை மைதா பிடித்துக்கொள்கிறது என்பது நிஜம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினமும் 10 கிராம் நார்ச்சத்து கூடினால் இந்த நோயின் ஆபத்து ஏறக்குறைய 10 சதவிகிதம் குறைகிறது. வாரத்தில் சில நாள் கம்பங்கூழோ சோளத்தோசையோ, தினமும் ஒரு கீரை அல்லது காய், கைப்பிடி சுண்டல், ஒரு கொய்யா என்று இருந்தாலே நல்ல முன்னேற்றம்.

பிரியாணிக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி, ‘மட்டனை விட்டுவிட வேண்டுமா?’ என்பதாகத்தான் இருக்கும். வேண்டியதில்லை, அளவு தெரிந்தால் போதும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியைப் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் வைத்தது. சமைத்த இறைச்சி வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை அதே முகமை, ‘புற்றுநோய் உண்டாக்கும்’ என்று உறுதியான பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அவற்றைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவிகிதம் கூடுகிறது. பேக்கரியிலும் ஃப்ரீஸரிலும் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மதுவும் புகையும் நுரையீரலையும் கல்லீரலையும் மட்டும் பாதிப்பவை அல்ல, பெருங்குடலையும் விடுவதில்லை. வாரத்தில் 150 நிமிடம் வேகமாக நடப்பது குடலுக்கும் காவல். தறியில் நாளெல்லாம் நிற்பது உழைப்புதான். ஆனால் மூச்சு வாங்க நடப்பதற்கு அது ஈடாகாது.

கண்டுபிடித்துவிட்டால்?

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ‘எல்லாம் முடிந்தது’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நோய் ஒன்றுதான்; எப்போது கண்டுபிடித்தோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும். சற்று முற்றியிருந்தால் கீமோதெரபி சேரும். மலக்குடலில் இருந்தால், கட்டியைச் சுருக்க முதலில் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. சிலருக்குக் குடலின் முனையை வயிற்றில் திறந்து பை பொருத்த வேண்டிவரும். அதைக் கேட்டதும் ‘அதுக்கு சாவே மேல்’ என்று சிகிச்சையையே மறுப்பவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு அது சில மாதங்களுக்கு மட்டும்தான், பிறகு மூடிவிடுவார்கள். நிரந்தரமாகப் பை உள்ளவர்களும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள், கோயில் குளம் போய் வருகிறார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்கு இந்தப் பையே தேவைப்படாமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

வீட்டில் யாராவது அடிக்கடி மூல மருந்து வாங்குகிறாரா, மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்குகிறாரா என்று கொஞ்சம் கவனியுங்கள். அப்பாக்கள் கூச்சப்படுவார்கள். அம்மாக்கள், ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று மழுப்புவார்கள். “ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுவோம், வாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியது பிள்ளைகள்தான். மூலம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நிம்மதி. வேறு ஏதாவது என்றால், அன்றைக்கே தெரிந்தது நல்லது.

*அடுத்த வாரம்: சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின் – காரணங்கள் என்னென்ன?*